டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தையைச் சாதாரணப் பள்ளியிலேயே படிக்க வைக்கலாமா?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம், என்று சொல்லிவிட்டார்கள், இதே பள்ளியில் தொடரலாமா, சிறப்புப் பள்ளிக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடரலாம். ஆனால் "எங்களிடம் சிறப்பாசிரியர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்" என்று பள்ளி சொன்னதும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அந்தச் சிறப்பாசிரியர் வேலையைத்தான் நான் பல வருடமாகப் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று பீரியட் பிள்ளை என்னிடம் வருவான், மீதி நேரமெல்லாம் வகுப்பில்தானே இருப்பான்? அங்கே எதுவும் மாறவில்லை என்றால் என் மூன்று பீரியட் எந்த மூலைக்கு?

ஒருமுறை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பையனைக் கவனித்தேன். போர்டில் 'கொக்கு' என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்துக் கொம்பைப் போட்டான். மறுபடி நிமிர்ந்து, விட்ட இடத்தைத் தேடி, க எழுதினான். அப்புறம் காலுக்கு ஒரு தடவை. நாம் ஒரே மூச்சில் எழுதும் சொல்லுக்கு ஐந்து தடவை நிமிர்ந்தான், இரண்டாவது வரியை முடிப்பதற்குள் போர்டை அழித்தாயிற்று. நோட்டில் 'முழுமையாக எழுதவும்' என்று சிவப்பு மையில் குறிப்பு வேறு. கண்ணில் கோளாறு இல்லை, சோம்பலும் இல்லை. ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் பிடிப்பதுதான் இந்தக் குழந்தைகளுக்குச் சிரமம், தமிழில் கொம்பை முன்னால் எழுதிவிட்டு அதன் ஒலியைப் பின்னால் சொல்கிறோம், கேட்க வேண்டுமா! அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1896லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், நல்ல சூட்டிகையான 14 வயதுப் பையனால் வாசிக்க மட்டும் முடியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்.

அவனுக்குச் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. போர்டில் எழுதப்போவதை அச்செடுத்து மேஜையில் வைத்தோம். ஐந்து கேள்வியில் இரண்டை எழுதச் சொல்லி, மூன்றுக்கு வாயால் பதில் கேட்டோம். அறிவியலில் அவன் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு வகுப்பாசிரியரே "இவனுக்கு இவ்வளவு தெரியுமா?" என்றார்.

உங்கள் மகனுக்கென்று பள்ளியில் தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒன்று எழுதித் தருவார்கள். வரிவரியாகப் படியுங்கள். 'வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்' என்று மொட்டையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்தப் பாடத்தில், யார், என்ன செய்வார், முன்னேற்றத்தை எப்போது பார்ப்பார்கள் என்று அதில் இருக்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம் கேட்பது சலுகை கேட்பது போலக் கூச்சமாக இருக்கும், சரி, ஆனால் அது சலுகையே இல்லை: 2006ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, பொதுக் கல்விக்குள்ளேயே தேவையான ஆதரவு கிடைக்க வேண்டும் என்கிறது.

முழுநேரத் துணையாள் வேண்டும் என்று மட்டும் அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மற்றப் பிள்ளைகள் பேச வரமாட்டார்கள், கொஞ்ச நாளில் ஆசிரியரும் அவனை விட்டுவிட்டுத் துணையாளிடம் பேச ஆரம்பித்துவிடுவார்.

அடுத்த கூட்டத்தில் சிறப்பாசிரியரை விட்டுவிடுங்கள், வகுப்பாசிரியரிடமே கேளுங்கள்: "நாளைக்கு உங்கள் பாடத்தில் இவனுக்காக எதை மாற்றுவீர்கள்?"