ஹாலில் வைத்த குரோட்டன்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வரவேற்பறையின் மூலையில், சோபாவுக்குப் பக்கத்தில் அழகுக்காக ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை வைத்தேன். தவறாமல் தினமும் தண்ணீர் ஊற்றியும், இரண்டே மாதங்களில் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. புதிதாக வரும் இலைகளில் சிவப்பு நிறமே இல்லை. என்ன உரம் போடலாம்?

பதில்: உரம் எதுவும் வேண்டாம். உங்கள் செடிக்குக் குறைந்திருப்பது வெளிச்சம், கூடிப்போயிருப்பது தண்ணீர். நம் கண்கள் மங்கலான அறைக்கும் உடனே பழகிக்கொள்வதால், ஹாலின் மூலை நமக்குப் போதிய வெளிச்சத்துடன்தான் தோன்றும். உண்மையில், உச்சிவெயிலில் திறந்த வெளியின் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும்போது, ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் மூலையில் 100 முதல் 300 லக்ஸ் கிடைத்தாலே அதிகம். குரோட்டன்ஸின் சிவப்பும் மஞ்சளும் நல்ல ஒளியில்தான் எடுப்பாக வரும். ஒளி குறைந்தால் செடி பச்சைக்குத் திரும்பிவிடுகிறது.

நிழலில் நிற்கும் செடி தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். அந்த நிலையில் தினமும் ஊற்றினால் மண்ணின் துளைகளில் காற்றுக்கு இடமில்லாமல் போய், வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். நீங்கள் பார்க்கும் மஞ்சள் இலை பெரும்பாலும் அதன் அறிகுறிதான். விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாதபோது மட்டும், அடித் துளை வழியே நீர் வடியும் அளவுக்கு ஊற்றுங்கள்.

செடிக்கு இடம் தேடும்போது ஓர் எளிய சோதனை உதவும். நண்பகலில் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, அதற்கு ஓர் அடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்களின் நிழல் தெளிவாக விழுந்தால் குரோட்டன்ஸ் போன்றவற்றை அங்கே வைக்கலாம்; நிழல் மங்கலாக விழுந்தால் மணிபிளான்ட், ஸ்பைடர் பிளான்ட், பீஸ் லில்லி ஆகியவை தாங்கும்; நிழலே தெரியாவிட்டால் ஸ்நேக் பிளான்ட் அல்லது இசட் இசட் பிளான்ட் சில காலம் பொறுத்துக்கொள்ளும். பார்வைக்கு வெகு பொருத்தமாக இருந்த என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் மூன்று செடிகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பிறகுதான் இந்தச் சோதனையை நான் செய்து பார்த்தேன். உங்கள் குரோட்டன்ஸை ஜன்னலோரத்துக்கு மாற்றுங்கள். வெளியே வைப்பதானால் நேரடி வெயிலில் இறக்கிவிடாமல், ஒரு வாரம் பத்து நாள் அரைநிழலில் பழக்குங்கள். இல்லையென்றால் இலைகள் கருகிவிடும்.

கேள்வி: வாசலிலும் மொட்டை மாடியிலும் நாற்பது தொட்டிகள் வைத்திருக்கிறேன். செடிகள் செழிப்பாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் நர்சரி போல இருக்கிறதே தவிர, வீட்டுக்கு அழகு வரவில்லை.

பதில்: நாற்பதையும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில் அடுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கண் ஓரிடத்தில் நின்று பிறகு நகரும்படி அமைத்தால்தான் அழகு புலப்படும். வாசலின் ஒரு பக்கத்தில் இடுப்பளவு வளர்ந்த ஒரு செடி, அதன் அடியில் அகன்ற இலையுள்ள ஒன்று, தொட்டியின் விளிம்பைத் தாண்டிச் சரியும் கொடி ஒன்று என மூன்றை நெருக்கி வைத்துவிட்டு, மறுபக்கத்தைச் சும்மா விட்டுப் பாருங்கள். பெரிய இலைக்குப் பக்கத்தில் பெரணியின் பொடி இலை வரும்போது இரண்டுமே எடுப்பாகத் தெரியும். தொட்டிகள் பல நிறங்களில் இருப்பதும் செடியைப் பார்க்கவிடாமல் செய்யும். எல்லாவற்றையும் மண் நிறத்துக்கோ சாம்பல் நிறத்துக்கோ கொண்டுவந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மாடியில் அழகுக்கு முன்னால் எடையை யோசியுங்கள். 30 செ.மீ. விட்டமும் அதே உயரமும் உள்ள தொட்டியில் ஏறக்குறைய 20 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்த நிலையில் அது சுமார் 30 கிலோ இருக்கும். பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரோ உத்திரமோ தாங்கும் ஓரங்களில் வையுங்கள். தென்னைநார்க் கழிவு கலந்த மண் கலவை எடையைக் குறைக்கும். அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள். கொசு முட்டையிட்டு வளர அந்தச் சிறிதளவு நீரே போதும்.

கேள்வி: பரிசாக வந்த பீங்கான் ஜாடியில் துளை இல்லை. அடியில் கூழாங்கற்களைப் பரப்பிச் செடி நடலாமா?

பதில்: கூடாது. மண்ணின் நுண்துளைகள் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், கல் அடுக்கின் மேல் உள்ள மண் முழுவதும் நனைந்த பிறகுதான் நீர் கீழே இறங்கும். அதாவது, கற்கள் ஈரத்தை வேருக்கு இன்னும் அருகில் உயர்த்தித்தான் வைக்கின்றன. செடியைத் துளையுள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியிலேயே விட்டு, அதை ஜாடிக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும் நாளில் வெளியே எடுத்து, நன்றாக வடியவிட்டுத் திரும்ப வைத்தால் போதும்.

கேள்வி: படுக்கையறையில் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்கிறார்கள், இரவில் அது கெடுதல் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுமே மிகைதான். செடிகள் சில நச்சு வாயுக்களை நீக்குவதாக 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடத்தப்பட்டது. காற்று வந்துபோகும் வீட்டில் அதே பலன் கிடைக்க, நடக்க இடமில்லாத அளவுக்குச் செடிகளை நிரப்ப வேண்டியிருக்கும். இரவில் ஒரு செடி வெளியிடும் கரியமில வாயுவோ, அதே அறையில் தூங்கும் ஒருவர் விடும் மூச்சோடு ஒப்பிடக்கூட முடியாத அளவுக்குக் குறைவு. பார்க்கப் பிடித்திருந்தால் தாராளமாக வையுங்கள்.

கேள்வி: தவழும் குழந்தையும் ஒரு பூனையும் இருக்கும் வீட்டில் எந்தச் செடியைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: முதலில் டிஃபன்பேக்கியாவை. அதன் இலையிலும் தண்டிலும் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள், கடித்தவுடன் வாயையும் நாக்கையும் எரித்து வீங்கச் செய்யும். மணிபிளான்ட்டிலும் பீஸ் லில்லியிலும் இதே படிகங்கள் உண்டு என்பதால், அவற்றைக் கைக்கெட்டாத உயரத்தில் தொங்கவிட்டு, உதிரும் இலைகளை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். பூனை தாவி ஏறாத உயரம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் ஸ்பைடர் பிளான்ட்டுக்கு மாறிவிடுங்கள். பூனை அதையும் கடிக்கத்தான் செய்யும். ஆனால் அதில் நஞ்சு இல்லை.