நிறவெறியை ஆதரித்த சபையும் பைபிளைத்தானே காட்டியது? எதிர்த்த கிறிஸ்தவர்கள் எதைக் காட்டினார்கள்?

தென்னாப்பிரிக்காவில் இரு தரப்பும் காட்டியது ஒரே வேதத்தைத்தான். ஆனால் பிரிவினை வசனத்தில் தொடங்கவில்லை, நற்கருணைப் பந்தியில் தொடங்கியது. கலப்பின விசுவாசிகளோடு ஒன்றாக நற்கருணை வாங்க வெள்ளையர் சிலர் முகம் சுளித்தார்கள். பின்னாளில் நிறவெறியை ஆதரித்த டச்சு சீர்திருத்தச் சபையின் சினாடு, அதாவது சபையின் ஆளுகை மன்றம், 1857-இல் கூடி, சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் சிலருடைய பலவீனத்தின் நிமித்தம் தனித்தனியாகக் கூடலாம் என்றது. பலவீனம் யாருக்கு, வெளியே போனது யார் என்று பாருங்கள்! 1881-இல் கலப்பினத்தவருக்குத் தனிச் சபையே உருவாகிவிட்டது. கடவுள் மொழிகளைக் குழப்பி மனிதரைச் சிதறடித்த பாபேல் கோபுரக் கதையை இனங்களைப் பிரிக்க ஆதாரமாகக் காட்டியதெல்லாம், என்னைக் கேட்டால், பிற்பாடு கட்டிய சப்பைக்கட்டு.

எதிர்ப்பும் அதே சபைக்குள்ளிருந்து கிளம்பியது. பேயர்ஸ் நோடே அங்கே போதகர். டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர்களின் ரகசிய அமைப்பான புரூடர்பாண்டிலும் இருந்தவர். 1960-இல் ஷார்ப்வில் என்ற ஊரில் போராடிய கறுப்பினத்தவரைப் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தது அவரை உலுக்கியது. 1963-இல், மனுஷரைவிட தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற அப்போஸ்தலர் 5:29-ஐ எடுத்துப் பிரசங்கித்துவிட்டுப் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கினார். 1977-இல் அரசு அவருக்குத் தடையுத்தரவு போட்டது. ஏழு ஆண்டுகள் அவர் பேச்சை யாரும் மேற்கோள்கூடக் காட்ட முடியாமல் இருந்தது.

1982-இல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பதை வேதப்புரட்டு என்றே அறிவித்தது. அன்று பிரித்து அனுப்பப்பட்டவர்களின் சபை அதே ஆண்டு எழுதிய பெல்ஹார் விசுவாச அறிக்கை, அநீதி இழைக்கப்பட்டவர்கள் பக்கம் கடவுள் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்கவேண்டும் என்கிறது.