கொலை ஒரு சாக்கு, ஊர்தான் கதை

செவிப்பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

'டெக்சஸ் மந்த்லி' 1973 முதல் ஆஸ்டின் நகரிலிருந்து வரும் பத்திரிகை. சொந்த மாநிலத்து மனிதர்களையும் கொலைகளையும் வழக்குகளையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது அவர்கள் வழக்கம். இப்போது அதே சரக்கைக் காதுக்கும் தருகிறார்கள். போன இதழில் அதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சில இங்கே. எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் போதும்.

கண்ணால் படிக்க வேண்டிய கட்டுரையைக் காதால் கேட்பானேன்? எனக்குப் பாதியிலேயே தூக்கம் வந்துவிடுகிறது. (ஆசிரியை, விருதுநகர்)

படுத்துக்கொண்டு கேட்டால் வரத்தான் செய்யும், டீச்சர். கீரை ஆயும்போது கேளுங்கள்.

படிக்கும்போது நாம் எல்லோரும் கள்ளத்தனம் பண்ணுகிறோம். 'யார் கொன்றது' என்ற பத்தியைத் தேடித் தாவிவிடுகிறோம். கேட்கும்போது அப்படித் தாவ மனசு வருவதில்லை. ஆங்கிலத்தில் பத்தாயிரம் சொல் கட்டுரையை நிமிடத்துக்கு 150 சொல் வீதம் வாசித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். நல்ல கட்டுரையாக இருந்தால் அதில் கொலைக்குப் பத்து நிமிடம்கூடப் போகாது. மீதியெல்லாம் ஊர்: சர்ச்சில் யாருக்கு எந்த வரிசை, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எண்ணெய் விலை விழுந்தபோது எந்தக் கடையை மூடினார்கள். தாவுகிறவருக்கு அந்த ஊர் கிடைக்காது. கொலை ஒரு சாக்குதான் என்பது என் கட்சி.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? பட்டியல் வேண்டாம், ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (தபால் துறை ஊழியர், கும்பகோணம்)

அந்தப் பத்திரிகையில் ஸ்கிப் ஹாலண்ட்ஸ்வொர்த் 1998 ஜனவரியில் எழுதிய பெர்னி டீடி கட்டுரை.

கிழக்கு டெக்சஸில் கார்த்தேஜ் என்று சின்ன ஊர். இறுதிச் சடங்குகள் நடத்தித் தரும் நிலையத்தில் பெர்னிக்கு வேலை. இழவு வீட்டில் ஆறுதல் சொல்ல அவர், சர்ச்சில் பாட அவர், கிழவிகளுக்குக் கை கொடுக்க அவர். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மார்ஜோரி நியூஜென்ட் என்ற பணக்கார விதவைக்கும் அவர்தான் துணை. இரண்டு பேரும் வெளிநாடெல்லாம் சுற்றினார்கள். அந்த அம்மாள் சிடுசிடுப்புக்காரி என்பதில் ஊருக்கு இரண்டு கருத்து இல்லை.

1996 நவம்பரில் பெர்னி அவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். உடலை அந்த அம்மாள் வீட்டு ஃப்ரீசரிலேயே வைத்தார். ஒன்பது மாதம் உடல் அங்கேதான் இருந்தது. கேட்டவர்களுக்கு ஏதோ ஒரு சமாதானம். அந்த அம்மாள் பணத்தில் ஊருக்குத் தாராளமான உதவி. 1997 ஆகஸ்டில் குட்டு வெளிப்பட்டது, பெர்னியும் ஒப்புக்கொண்டார். அப்புறம் நடந்ததுதான் விசேஷம். 'பாவம் பெர்னி' என்றது ஊர்! விசாரணையை வேறு ஊருக்கு மாற்றுங்கள் என்று வழக்கமாகக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புதான் கேட்கும். இங்கே கேட்டவர் அரசு வழக்கறிஞர் டேனி பக் டேவிட்சன். கார்த்தேஜில் ஜூரி அமைத்தால் ஆளை விட்டுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. சான் அகஸ்டினில் வழக்கு நடந்து, 1999இல் ஆயுள் தண்டனை.

இந்தக் கட்டுரையை ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். வானொலி நாடகத்தில் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை, சும்மா இருக்காது. இரண்டு பக்கம் தாண்டியதும் ஒன்று பிடிபட்டது. இதில் கதை சொல்லி என்று தனியாக ஒருவர் இல்லை. பேசுவது ஊர், அதுவும் வம்பு பேசுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மூச்சு, ஒவ்வொரு இழுவை. ஒரே குரலில் ஒப்பித்தால் செத்துவிடும், ஆளுக்கொரு குரல் மாற்றி நடித்தால் மேடை நாடகமாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இருக்கிறது, நல்ல வாசிப்பாளர் அதில் நடப்பார். ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 2011இல் இதைப் படமாக எடுத்தபோது, நடிகர்களோடு உண்மையான கார்த்தேஜ்காரர்களையே கேமரா முன்னால் உட்கார்த்திப் பேச வைத்தார். அவருக்கும் இது புரிந்திருக்க வேண்டும்.

கேட்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள், செத்துப்போன அம்மாள் மட்டும் பேச முடியாது. அவர் சிடுமூஞ்சி என்று நமக்குச் சொல்பவர்கள், கொன்றவன் மேல் பிரியம் வைத்தவர்கள். 2014இல் பெர்னியை ஜாமீனில் விட்டபோது நியூஜென்ட் குடும்பம் கொதித்தது. 2016இல் தண்டனையை மறுபடி விசாரித்த ஜூரி, 99 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று உள்ளே அனுப்பிவிட்டது. இனிமையான குரல்கள் ஒரு மணி நேரம் காதில் விழுந்தால் நாமும் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுகிறோம். எழுத்தைவிட ஒலியில் இந்த ஆபத்து அதிகம்.

கொலை இல்லாமல், சிரிக்கிற மாதிரி ஒன்று? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

அதே ஹாலண்ட்ஸ்வொர்த், 2001 அக்டோபர். ஹூஸ்டனில் கேரி ஜான்சன் என்பவர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துப் புலனாய்வாளர். கூலிக்குக் கொலை செய்பவராக வேஷம் போட்டு, ஆள் வைத்துக் கொல்ல வருகிறவர்களைப் பேச வைத்துப் பிடித்துக் கொடுப்பார். அறுபது பேருக்கு மேல் மாட்டினார்கள். வருகிற ஆளுக்குத் தக்கபடி நடை, பேச்சு எல்லாம் மாறும். வீட்டிலோ பரம சாது, இரண்டு பூனைகள் துணை. என் தொழில்காரர் என்ற பாசம் எனக்கு. இவர் கதையையும் படமாக்கிவிட்டார்கள்.

நான் இருப்பது பிளேனோ, டாலஸ் பக்கம். எங்கள் ஏரியாவில் ஏதாவது உண்டா அம்மா? (மென்பொருள் பொறியாளர், டெக்சஸ்)

உண்டு தம்பி, உங்கள் காலின் கவுன்ட்டியிலேயே (கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). வைலி என்ற ஊரில் 1980 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, ஓர் இளம் தாய் தன் வீட்டிலேயே கோடாலியால் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டது அதே சர்ச்சுக்குப் போகும் தோழி. தற்காப்பு என்று வாதாடினார், மெக்கின்னி கோர்ட் விடுவித்தது. விடுதலையானவர் பெயரை நான் எழுத மாட்டேன். 1984இல் 'டெக்சஸ் மந்த்லி' இதை இரண்டு பகுதியாக வெளியிட்டது. அப்போதுதான் அந்தப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வந்து, வயலெல்லாம் வீட்டு மனையாகிக்கொண்டிருந்தது. புது வீடு, புதுப் பணம், அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஒன்றுதான் பழகும் இடம். உங்கள் குடியிருப்பில் சர்ச்சுக்குப் பதில் கோயில், தமிழ்ச் சங்கம் என்று போட்டுக்கொண்டு கேளுங்கள். கோடாலியை விட்டுவிடலாம்.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் குரலே நன்றாக வாசிக்கிறதே, மனிதர் எதற்கு? (அச்சக உரிமையாளர், சிவகாசி)

செய்திக்கு அது போதும். வட்டாரக் கட்டுரைக்குப் போதாது. டெக்சஸில் சான் அன்டோனியோ இருக்கும் கவுன்ட்டியை எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'பெக்ஸார்', ஊரார் வாயில் 'பேர்'. 'மெக்சியா' என்று தோன்றும் ஊர் 'மஹேயா'. உள்ளூர்க்காரர் காதில் இது தவறினால் அந்த நிமிடமே நம்பிக்கை போய்விடும். அதைக்கூடத் திருத்திவிடலாம் என்று வையுங்கள். ஒரு ஷெரீஃப் (கவுன்ட்டியின் போலீஸ் தலைவர்) 'அது பற்றிப் பேச விருப்பமில்லை' என்று சொன்னதைத் திமிராக வாசிப்பதா, களைப்பாக வாசிப்பதா? அங்கே இருந்து கேட்ட நிருபருக்குத்தான் தெரியும். அதனால்தான் எழுதியவரே வாசித்தால் எனக்கு இஷ்டம், குரல் கரகரப்பாக இருந்தாலும் சரி.

பின்னணி இசை வைக்கிறவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். பிணம் கிடைக்கும் இடத்தில் வயலினை இழுப்பவர் என் பயிற்சிப் பட்டறைக்கு வந்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன்.

அடுத்தவர் சாவைக் கேட்டுக்கொண்டே சமையல் செய்வது பாவமாகப் படுகிறது. (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

எனக்கும் சில நாள் படுகிறது. எல்லாக் கட்டுரைக்கும் ஒரே பதில் கிடையாது.

பமேலா கொலோஃப் 2012இல் இரண்டு இதழ்களில் எழுதிய மைக்கேல் மார்ட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் மனைவி கொல்லப்பட்டார், அடுத்த வருடம் கணவருக்கே ஆயுள் தண்டனை. சம்பவத்தைப் பார்த்த மூன்று வயது மகன், வந்தது வேறு ஆள், அப்பா அப்போது வீட்டில் இல்லை என்று பாட்டியிடம் சொல்லியிருக்கிறான். பாட்டி அதைப் போலீஸுக்குச் சொல்ல, எழுதியும் வைத்தார்கள். அந்தக் காகிதம் மார்ட்டன் தரப்பு வக்கீல் கைக்குப் போகவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் கிடைத்த ஒரு கைக்குட்டையில் இருந்த டி.என்.ஏ. வேறொருவனைக் காட்ட, 2011இல் மார்ட்டன் வெளியே வந்தார். கிட்டத்தட்ட 25 வருடம். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் அதற்குள் நீதிபதியாகியிருந்தார். 2013இல் அவருக்குப் பத்து நாள் சிறைத் தண்டனை, வக்கீல் உரிமமும் போனது. அரசுத் தரப்பு தன்னிடம் உள்ள சாட்சியங்களை மறைக்காமல் காட்ட வேண்டும் என்று அதே வருடம் மார்ட்டன் பெயரிலேயே டெக்சஸில் சட்டம் வந்தது. இதைக் கேட்டுக்கொண்டு குழம்பு வைத்தால் பாவமில்லை. குழம்பு தீய்ந்தால் நான் பொறுப்பல்ல.

எனக்குச் சங்கடம் தந்தது 2020இல் வந்த 'டாம் பிரவுன்ஸ் பாடி' என்ற ஒலித் தொடர். இதுவும் ஹாலண்ட்ஸ்வொர்த்தே பேசியது. டெக்சஸின் வட கோடியில் கனேடியன் என்று ஓர் ஊர். 2016 நவம்பரில், நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தின இரவு 18 வயதுப் பையன் காணாமல் போனான். 2019 ஜனவரியில் எலும்புகள் கிடைத்தன. எப்படி இறந்தான் என்பதற்குத் தொடரில் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் சந்தேகம் நிரம்புகிறது. ஊரில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்கிறார்கள், அது அவரவர் சொந்தக் குரலிலேயே நம் காதுக்கு வருகிறது. யாரையும் குற்றவாளி என்று கை காட்டாமல் நிறுத்திக்கொண்டார் ஹாலண்ட்ஸ்வொர்த். அந்த நிதானம் எனக்குப் பிடித்தது. ஆனால் கேட்கிறவர் நிதானமாக இருப்பாரா? நான் மனசுக்குள் இரண்டு பேரைக் கைது செய்துவிட்டேன்.

தமிழில் நம் ஊர் வழக்குகளை இப்படி ஒலியாகச் செய்தால் கேஸ் வராதா? (சட்டக் கல்லூரி மாணவர், மதுரை)

வரலாம். ஆனால் நம்மிடமே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்தபோது சிறைத்துறை எதிர்த்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கோர்ட் ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருக்கும் அளவுக்கு, சம்பந்தப்பட்டவர் அனுமதி இல்லாமலே வெளியிடலாம், அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது. அதைத் தாண்டி ஒருவரது அந்தரங்கத்துக்குள் போனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது குற்றம், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 72. ஆகவே முதலில் தீர்ப்பு நகலை வாங்கி முழுசாகப் படியுங்கள், தம்பி. மைக் அப்புறம் வாங்கலாம்.

வாசிக்கப்போவது நீங்கள் என்றால் ஒன்று: தமிழ்ச் சொல் நீளம். நிமிடத்துக்கு நூறு சொல்லே நல்ல வேகம். இங்கிலீஷ் கணக்கில் எபிசோட் நேரம் போட்டால் மூச்சு வாங்கும்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கலாமா? (வங்கி அலுவலர், கோவை)

சட்ட விளக்கம் வரும் இடத்தில் வையுங்கள். ஊர்க்காரர் யாராவது பேச ஆரம்பித்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிடுங்கள்.