ரயிலை நிறுத்தாமலே ஒரு சைக்கிள் பாதை

கேள்வி: நாங்கள் காரைக்குடிக்காரர்கள். காலையில் குழுவாக நடக்கிறோம், சைக்கிள் ஓட்டுகிறோம். மெயின் ரோட்டில் டிப்பர் லாரி பயம். திருவாரூர் பாதையில் ரயிலும் குறைவு, கூட்டமும் குறைவு. வெளிநாடுகளில் செய்வதுபோல அதை நடைபாதையாக மாற்றச் சொல்லி மனுக் கொடுக்கலாமா?

பதில்: அந்த மனு வேண்டாம். வெளிநாட்டில் பொதுவாக ரயில் நின்றுபோன தடத்தைத்தான் இப்படி மாற்றுகிறார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே 1966-இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள். 1979-க்குப் பிறகுதான் அங்கே சுமார் 21 கி.மீ. சைக்கிள் பாதை வந்தது.

உங்கள் பாதையின் கதை வேறு. பழைய குறுகலான மீட்டர் கேஜ் தடத்தில் ஓடிய ரயிலை நிறுத்தி, வருஷக்கணக்கில் காக்கவைத்து, 2018-இல் பட்டுக்கோட்டை வரையும் 2019-இல் திருவாரூர் வரையும் அகலப்பாதையைத் திறந்தார்கள். திறந்த புதிதில் கேட் கீப்பர்கள் போதவில்லை. ரயிலிலேயே ஆளை ஏற்றிப்போய், கேட்டுக்குக் கேட் இறக்கி, மூடித் திறந்து ஓட்டினார்கள். சுமார் 150 கி.மீ. போக அரை நாள் ஆனது. இப்படி ஓட்டினால் கூட்டம் எங்கிருந்து வரும்? பயணிகளுக்கு வசதியான நேரத்தில் இன்னும் இரண்டு ரயில் கேளுங்கள், அது நியாயம்.

செத்துவிட்டது என்று நினைத்த பாதையும் திரும்பி வரும். மதுரையிலிருந்து தேனி வழியாகப் போகும் போடி ரயில் 2010 கடைசியில் நின்றது. 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் மறுபடி வந்தது. இதை யோசித்துத்தான் அமெரிக்காவில் 1983-இல் ஒரு சட்டத் திருத்தம் செய்தார்கள். ரயில் கம்பெனி கைவிடும் தடத்தைப் பாதையாக்கி நடக்கலாம், பிற்பாடு ரயில் வேண்டுமென்றால் விட்டுக்கொடுக்க வேண்டும். அதுவரை தடம் துண்டு துண்டாக விலைபோகாது.

சரி, நீங்கள் கேட்கக்கூடியது எது? கேஜ் மாற்றும்போது வளைவுகளை நேராக்குவார்கள். அப்படிச் செய்த இடங்களில் பழைய மண்கரை ஓரமாகக் கிடக்கும். உங்கள் பக்கம் அப்படி ஏதும் இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் நிலம் யாருடையது என்று காட்டும் அ-பதிவேட்டையும் அதன் அளவைக் காட்டும் புலப்படத்தையும் பார்த்து சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள்: அந்த நிலம் ரயில்வேக்குத் தேவையா, யாருக்காவது குத்தகையில் இருக்கிறதா? 30 நாளில் பதில் தர வேண்டும். காரைக்குடி ஜங்ஷன் மதுரைக் கோட்டம், அறந்தாங்கிப் பக்கம் திருச்சிக் கோட்டம். அனுமதியை உங்கள் குழு பெயரில் கேட்காமல் மாநகராட்சி அல்லது ஊராட்சி வழியாகக் கேட்பதே நல்லது. பராமரிப்புக்கு ஒரு பொறுப்பாளி இருப்பார். அனுமதி இல்லாமல் இறங்கிவிடாதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

இடம் கிடைத்தால் வேலை பெரிதல்ல. ரயில் கரையில் ஏற்றம் அதிகம் இருக்காது, வயதானவர்களும் சைக்கிள் மிதிக்கலாம். ஜல்லியைப் பரப்பி, மேலே செம்மண் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து ரோலர் விட்டால் போதும். 3 மீட்டர் அகலம் வையுங்கள். டைல்ஸ் பதிக்கலாம் என்று யாராவது வருவார்கள், விடாதீர்கள், மழையில் வழுக்கும்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது தண்ணீர். இந்தக் கரைகள் கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலைக் குறுக்கே வெட்டித்தான் போகின்றன. அடியில் உள்ள சிறுபாலத்தில் மண்ணைத் தள்ளிவிட்டால் கீழே இருக்கிற கண்மாய் நிறையாது. உங்கள் பாதைக்கு முதல் எதிரி அந்த ஊர் விவசாயியாகத்தான் இருப்பார். சரிவில் உள்ள சீமைக்கருவேலத்தை ஜேசிபி விட்டு வேரோடு பிடுங்கினால் கரையும் கூடவே சரியும். வெட்டிவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேம்பும் புங்கனும் கரையின் அடியில் நிற்கட்டும். நிழல் இல்லாவிட்டால் சித்திரையில் ஒருவரும் வர மாட்டார்கள்.

மிச்ச நிலமே இல்லை என்று பதில் வந்தால், செட்டிநாடு ஸ்டேஷனிலிருந்து கானாடுகாத்தானுக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு சைக்கிள் தடமும், ஸ்டேஷனில் சைக்கிள் நிறுத்த இடமும் கேளுங்கள். பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கும் பயன்படும், ரயிலுக்கும் ஆள் சேரும். மனுவோடு கையால் போட்ட ஒரு வரைபடத்தையும் இணைத்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.