மேகக்காட்டுக்கு முதற்பயணம்: கேள்வியும் பதிலும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட இயற்கை ஆர்வலர்கள் கேட்ட கேள்விகளுக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் நெடுங்காலம் நடந்து பழகிய ஒருவர் அளித்த பதில்கள்.

பாலக்கோட்டிலிருந்து: ஏற்காட்டிலும் வத்தல்மலையிலும் விடியற்காலையில் மூட்டம் இறங்குகிறதே ஐயா, அவையும் மேகக்காடுகள்தாமா?

மூட்டம் வந்து போவதால் மட்டும் ஒரு காடு மேகக்காடு ஆகிவிடாது. ஆண்டின் பெரும்பகுதி மேகம் மரங்களின் ஊடே புகுந்து செல்ல வேண்டும். அந்த ஈரத்தை நம்பியே அங்குள்ள உயிர்கள் வாழ வேண்டும். மேகத்தின் நீர்த்துளிகள் தாமாகத் தரையில் விழ முடியாத அளவுக்குச் சிறியவை. காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு வரும்போது இலை விளிம்பிலும் பாசியிலும் அவை ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, கனம் தாங்காமல் சொட்டுகின்றன. வெட்டவெளியில் வைத்த மழைமானியில் ஒரு துளிகூடப் பதியாத நாளிலும் மரத்தடி நனைந்திருப்பது இதனால்தான்.

அடையாளம் காண மரத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்தில் உள்ள மேகக்காட்டையே சோலை என்கிறோம். சோலைமரங்கள் குட்டையாகவும் முறுக்கேறியும் இருக்கும். இலைகள் சிறியவை, தடித்தவை. பட்டையே தெரியாதபடி பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் மூடியிருக்கும். பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதன் உறவான லைக்கன்கள் கிளைகளில் தொங்கும். வத்தல்மலையின் காப்பித் தோட்டங்களிலும் ஏற்காட்டின் சில்வர் ஓக் மர நிழலிலும் இந்த அடர்த்தியை நீங்கள் காண முடியாது.

ஓசூரிலிருந்து: நானும் மனைவியும் கோஸ்டாரிகாவில் உள்ள மாண்டிவெர்டேக்குச் செல்லப் பணம் சேர்த்து வருகிறோம். முதல் மேகக்காடே அதுவாக இருக்கலாமா?

தாராளமாக இருக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒருமுறை நீலகிரியில் சோலை உள்ள கோத்தகிரிக்குச் சென்று வாருங்கள் என்பேன். மாண்டிவெர்டேயில், அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து 1951-இல் குடியேறிய குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவுக் குடும்பங்கள் தங்கள் நீராதாரத்துக்காக மலைமேல் உள்ள காட்டை வெட்டாமல் விட்டார்கள். 1972-இல் அங்கே காப்பகம் உருவாயிற்று. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. குவெட்சால் பறவையைக் காண விரும்பினால், அது கூடு கட்டும் மார்ச், ஏப்ரல் மாதங்கள் பொருத்தமானவை. அங்கு மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரை 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை என்பதையும் அறிந்துகொண்டு செல்லுங்கள்.

அவ்வளவு தொலைவு சென்று, மேகம் மறைக்கிறதே என்று விடுதியில் முடங்கிக் கிடப்பவர்கள் உண்டு. உங்களுக்கு அந்த ஈரம் ஒத்துவருமா என்பதைக் கோத்தகிரி குறைந்த செலவில் சொல்லிவிடும். கோஸ்டாரிகா பயணத்தில் ஈக்வடார், பெரு, கொலம்பியா ஆகிய நாடுகளையும் சேர்ப்பதாக இருந்தால், இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அந்தச் சான்று செல்லுபடியாகும் என்பதால், கடைசி வாரம்வரை தள்ளிப்போட வேண்டாம். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனத்தில் இந்த ஊசி போடுகிறார்கள்.

பென்னாகரத்திலிருந்து ஓர் ஆசிரியை: கோத்தகிரியில் எங்கே செல்வது? பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியுமா?

லாங்வுட் சோலைக்குச் செல்லுங்கள் அம்மா. கோத்தகிரி நகரை ஒட்டி ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்பில் எஞ்சியிருக்கும் காடு அது. 2024-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தருவதும் அதுவே. காப்புக்காடு என்பதால் வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுவிடுங்கள். பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரே மரத்தின் அருகே கால் மணி நேரம் நிறுத்திவைத்தால் போதும். ஓரடி உயரப் பட்டையில் எத்தனை வகைச் செடிகள் என்று எண்ணச் சொல்லுங்கள். முழுக் காட்டையும் சுற்றிக் காட்டுவதைவிட அதில் அதிகம் கற்பார்கள்.

நீலகிரிக்குச் சொந்த வாகனத்திலோ வாடகை வேனிலோ சென்றால் இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டும்; உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இந்த நடைமுறை உள்ளது. அரசுப் பேருந்தில் செல்வோருக்கு அது தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் தண்ணீர்ப் புட்டிகளுக்கு நீலகிரியில் தடை உள்ளதால், ஆளுக்கொரு எவர்சில்வர் புட்டி எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் படம் எடுக்கக் கூட்டம் கூடும் பைன் காடு மனிதர் நட்டது. அதைக் காட்டி இதுதான் மலைக்காடு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அதே ஊரிலிருந்து: ஒகேனக்கல்லில் விழும் தண்ணீரில் இந்தச் சோலைகளுக்குப் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் பெரும்பாலும் நீலகிரிச் சோலைகளுக்கு இல்லை. நீலகிரியின் நீரில் பெரும்பகுதி மோயாறு, பவானி வழியாகச் சென்று பவானி கூடுதுறையில்தான் காவிரியைச் சேர்கிறது. அது நமக்கும் மேட்டூருக்கும் கீழே. நம் அருவியைத் தொடுவது குடகு மலையின் நீரும், வயநாட்டில் பிறந்து திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கும் கபினியின் நீரும். அந்த மலைகளின் உச்சிச் சரிவுகளிலும் சோலைகள் உள்ளன. ஆடி மாத வெள்ளம் பருவமழை தருவது. சோலை செய்வது பெய்ததை மண்ணில் பிடித்துவைத்துக் கோடையில் கொஞ்சங்கொஞ்சமாக விடுவது.

காவேரிப்பட்டணத்திலிருந்து: மேகம் இல்லாமல் தெளிவாக இருக்கும் மாதம் எது?

அப்படி ஒரு மாதத்தைத் தேடுவது, ஆடிப்பெருக்குக்குப் போய் ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடும் நேரத்தைக் கேட்பதைப் போன்றது. தொலைவுக் காட்சிதான் வேண்டும் என்றால் சனவரி, பிப்ரவரியில் தொட்டபெட்டாவுக்குச் செல்லுங்கள். அதற்குச் சோலை தேவையில்லை. காட்டுக்காகவே செல்வதானால், காலையில் வெளிச்சமும் பிற்பகலில் மேகமும் கிடைக்கக்கூடிய செப்டம்பர் பிற்பாதியையோ டிசம்பர் நடுப்பகுதியையோ தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கத்தை நேராகத் தாக்கும். மண்சரிவால் சாலை அடைபடும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவுகளுக்குச் செல்ல வேண்டாம். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மே மாதத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முன்னால் செல்லும் வண்டியின் பின்பக்கமாகத்தான் இருக்கும்.

ஊத்தங்கரையிலிருந்து: அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இளைப்பு உண்டு. உயரம் ஒத்துக்கொள்ளுமா?

உயரம் பெரிய தடையாக இராது. மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தரும், கோத்தகிரி அதைவிட மிகவும் தாழ்ந்தது. ஈரக்குளிர்தான் கவனிக்க வேண்டியது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும். நனைந்த பருத்திச் சட்டை உலராமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு நெஞ்சில் சளியைக் கட்டிவிடும். உள்ளே விரைவில் உலரும் செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு என்று அடுக்காக அணியட்டும். புறப்படும் முன் மருத்துவரிடம் காட்டி, இன்ஹேலரைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அரூரிலிருந்து: அட்டைக்கு என்ன செய்வது?

கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் உப்புத்தூளையோ புகையிலைத் தூளையோ தேய்த்துக்கொள்ளுங்கள். அட்டை நூலளவு இருக்கும்போதே பின்னலின் கண் வழியாக நுழைந்துவிடும் என்பதால், நெருங்கப் பின்னிய காலுறையாகப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்து, கடிக்கும் முனையை முதலில் நெம்பிவிடுங்கள். அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் சிறிது நேரம் கசியும். சோப்பு நீரால் கழுவி, பஞ்சு வைத்து அழுத்தினால் நின்றுவிடும். சொறிந்தால் புண்ணாகும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: எங்களுக்கு யானை புதிதல்ல. அங்கே எதற்கு அஞ்ச வேண்டும்?

காட்டுமாட்டுக்கு. கோத்தகிரியில் அது தேயிலைத் தோட்டத்திலும் சாலையோரத்திலும் சாதுவாக மேய்வதைப் பார்த்து, அருகே சென்று படம் எடுக்கத் துணிகிறார்கள். ஒற்றைக் காளை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கரடியும் உண்டு, இருட்டிய பின் தோட்டப் பாதைகளில் நடக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து: கேமரா லென்சில் நீர் படிவதை எப்படித் தடுப்பது?

குளிரில் கிடந்த கேமராவை வெப்பமான அறைக்குள் கொண்டுவந்து உடனே வெளியே எடுப்பதால்தான் அது பெரும்பாலும் படிகிறது. பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு போடுங்கள்.

தருமபுரியிலிருந்து: ஞாயிறு ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியாது. சேலம், மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி சேரவே அரை நாள் ஆகிவிடும். குறைந்தது இரண்டு இரவுகளாவது தங்குங்கள். திரும்பும்போது மேகம் சாலையை மூடியிருந்தால் விளக்கைத் தாழ்த்தி, இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள்; இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையம் வந்து சேரும்படி புறப்படுங்கள்.