அப்பாவின் பழைய .22 ரைபிள்: மூன்றாவது துப்பாக்கி என்று பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் லைசென்ஸில் ஏற்கெனவே ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் ஒரு ரிவால்வரும் உள்ளன. சமீபத்தில் காலமான அப்பா, ப்ர்னோ மாடல் 2 என்ற செக் நாட்டு .22 (0.22 அங்குலக் குழல்) ரைபிள் வைத்திருந்தார். "மூன்றாவது துப்பாக்கிக்குச் சட்டத்தில் இடமில்லை, என்னிடம் தள்ளிவிடுங்கள்" என்கிறார் ஒரு புரோக்கர். எனக்கோ அதில் டார்கெட் சுட ஆசை. வைத்துக்கொள்ள முடியுமா? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: முடியும். ஆனால் ரைபிள் இப்போது எங்கே இருக்கிறது? இன்னும் வீட்டு பீரோவில்தான் என்றால் முதலில் அதைக் கவனியுங்கள். அப்பாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. மகன் என்பதால் மட்டும் அதை வீட்டில் வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு வராது. ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி, பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ தாமதமில்லாமல் ஒப்படைக்க வேண்டும். பீரோவில் மிச்சமிருக்கும் தோட்டாக்களும் இதில் அடக்கம். ஒப்படைத்தால் பறிபோய்விடும் என்று பயப்படாதீர்கள். உங்கள் பெயருக்கு லைசென்ஸ் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதற்கென்று உள்ள கெடுவை மட்டும் ஒப்படைக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது ரசீதைப் பற்றித்தான். "ஒரு .22 ரைபிள்" என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். தயாரிப்பு, மாடல், வரிசை எண், மகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) எத்தனை, போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) எண் இருந்தால் அதுவும் ரசீதில் வர வேண்டும். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். நல்ல போல்ட்டைக் கழற்றிக்கொண்டு தேய்ந்த போல்ட்டை மாட்டித் திருப்பிக் கொடுத்த கதைகள் எங்கள் வட்டாரத்தில் நிறைய உண்டு. 1980களின் நடுவிலிருந்து தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. அதனால் பழைய செக், இங்கிலாந்து ரைபிள்களுக்கு இங்கே தனி விலை. உங்கள் புரோக்கரின் அக்கறைக்கும் அதுதான் காரணம்.

இப்போது அவர் சொன்ன சட்டத்துக்கு வருவோம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், வாரிசாக வருவதும் அந்தக் கணக்கில்தான் சேரும். இதுவரை அவர் சொன்னது சரி. அந்த வரம்பைச் சொல்லும் 3ஆவது பிரிவிலேயே அடுத்த உட்பிரிவை அவர் சொல்லவில்லை. மத்திய அரசின் லைசென்ஸோ அங்கீகாரமோ பெற்ற ரைபிள் கிளப்பில் உறுப்பினராக இருந்து, .22 ரைபிளை இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்துபவருக்கு அந்த இரண்டு என்ற வரம்பு பொருந்தாது. ஒவ்வொரு சொல்லையும் கவனியுங்கள். கிளப் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். தெருமுனையில் ஏர் ரைபிள் கற்றுத்தரும் அகாடமியின் அடையாள அட்டை செல்லாது. நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும். நண்பரின் விருந்தாளியாகப் போய்ச் சுட்டது கணக்கில் வராது. நோக்கம் இலக்குப் பயிற்சியாக இருக்க வேண்டும்; தோட்டத்தில் பன்றி விரட்ட என்று விண்ணப்பத்தில் எழுதினால் நீங்களே கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். ஆகவே முதலில் கிளப்பில் சேருங்கள், அங்கீகார ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அப்புறம் விண்ணப்பியுங்கள். இன்னும் சொல்லப்போனால், இப்படிப்பட்ட உறுப்பினருக்கு .22 லைசென்ஸ் "வழங்க வேண்டும்" என்றே 13ஆவது பிரிவு சொல்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் "மூணாவதா? கிடையாது சார்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழும் உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதமும் கையோடு இருக்கட்டும். கோப்பு மேசை மேசையாகத் தூங்கும். அமைதியாகச் சுடுகிறவனை இத்தனை அலையவிடும் முறை எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. அதற்காக "நான் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அது விற்பனைக் கடிதமாக மாறிவிடும்.

ரைபிள் கைக்கு வந்ததும் நேராக ரேஞ்சுக்குப் போகாதீர்கள். விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் குழலைக் காட்டுங்கள். வெளிச்சத்தில் பார்க்கும்போது உள்ளே மோதிரம் போல ஒரு நிழல் தெரிந்தால் குழல் எப்போதோ வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் .22 சுடும் ரிம்ஃபயர் வகைத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை விளிம்புக்குள் இருக்கிறது, விசையை இழுத்ததும் போல்ட்டில் உள்ள ஊசி அங்கேதான் அடிக்கும். தோட்டா இல்லாமல் சும்மா தட்டிப் பழகினால் பல பழைய ரைபிள்களில் ஊசி, குழலில் தோட்டா உட்காரும் பின்பக்க ஓரத்தையே அடித்து நசுக்கிவிடும். உங்கள் வீட்டில் யாராவது அப்படி விளையாடியிருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குழலில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டு அதற்கேற்ற தோட்டாவையே வாங்குங்கள். .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) என்றால் ஒலியைவிட மெதுவாகப் போகும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி வகை போதும். ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் ஹை வெலாசிட்டி தோட்டா பறக்கும்போதே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும், அந்தத் தடுமாற்றத்தில் குறி சிதறும். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். இரண்டு மூன்று பிராண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள், எது ஓட்டைகளை நெருக்கமாகப் போடுகிறதோ அதையே தொடருங்கள். அப்பாவின் பழைய தோட்டாக்களை மட்டும் சுட்டுப் பார்க்க வேண்டாம். மருந்து கெட்டு ஈயக்குண்டு குழலிலேயே நின்றுவிட்டால், பின்னால் வரும் அடுத்த குண்டு அந்தக் குழலை முடித்துவிடும்.