கைக்கு எட்டும் பாகியல்

கேள்வி: மெய்நிகர் காட்சியில் உருண்டையைத் தேனுக்குள் இழுக்கும் பாடம் அமைத்தோம். விசைக் கைப்பிடி (எதிர்விசையைக் கைக்கு உணர்த்தும் கருவி) நடுங்குகிறது. ஏன்?

பதில்: காட்சியும் விசையும் ஒரே நிரல் சுழற்சியில் ஓடுகின்றன போலும். கண்ணுக்கு வினாடிக்கு 90 முறை போதும். கைக்குச் சுமார் 1,000 முறை வேண்டும். இரண்டையும் பிரியுங்கள். நடுக்கம் நீடித்தால் வேகக் கணக்கைப் பாருங்கள்: அதிலுள்ள இரைச்சலை, அதாவது சிறு பிழைத் துள்ளல்களை, பாகியல் எண் (திரவம் ஓட்டத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) பெருக்கிவிடும். லேசாக வடிகட்டுங்கள், அதிகம் வடிகட்டினால் தாமதமே நடுக்கமாகும்.

இன்னொன்று. 1 செ.மீ. ஆர உருண்டை, வினாடிக்கு 10 செ.மீ. வேகம், பாகியல் எண் 10 பாஸ்கல் வினாடி என்றால், ஸ்டோக்ஸ் விதிப்படி (பாகான திரவத்தில் மெதுவாக நகரும் உருண்டைக்கான இழுவை விதி) எதிர்விசை 0.19 நியூட்டன்தான். பெருக்கிக் காட்டுங்கள், எத்தனை மடங்கு என்பதை மாணவரிடம் சொல்லிவிட்டு. அதே உருண்டைக்குத் தண்ணீரில் இவ்விதி செல்லாது. ரெனால்ட்ஸ் எண் (நிலைம விசைக்கும் பாகியல் விசைக்கும் உள்ள விகிதம்) 2,000 ஆகிவிடும். அங்கே வேகம் இரட்டித்தால் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அந்த வேறுபாட்டைக் கை உணரட்டும்!